உப்பில்லாத ஆறு நாள்

எனக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்று என் பிள்ளைகள் இரண்டு பேரும் முடிவுகட்டி, எட்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கோட்டி, அதாவது பைத்தியம் என்று அவர்கள் வாயால் சொல்லவில்லை. படித்த பிள்ளைகள், ‘மறதி நோய்’ என்றார்கள். படுத்துக்கிடந்த எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. இப்போது நன்றாக இருக்கிறேன். வயதானவர்களுக்கும், அவர்களை வைத்துக்கொண்டு முழிக்கிற பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் பேரிலும் தப்பு இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்கு அறுபத்தொன்பது வயது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரர் போய் ஆறு வருடம் ஆகிறது. பாளையங்கோட்டையில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். மகன் செந்தில் பெங்களூரில் இருக்கிறான். மகள் மீனா தூத்துக்குடியில் டீச்சர். ரத்தக் கொதிப்புக்கு நாலு வருடமாக தினம் காலையில் ஒரு மாத்திரை. வேறு தொந்தரவு கிடையாது.

கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பது எனக்குப் பழக்கம். போன வருடம் மூன்றாம் நாள் தலை சுற்றி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். மீனா ஓடிவந்து என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். “எம்மா, இனிமே விரதம்னு ஒண்ணு இருந்தேன்னு தெரிஞ்சுது, பொறவு ஒன்னைத் தனியா விடமாட்டோம், பாத்துக்கோ” என்றாள். செந்திலும் போனில் அதையே சொன்னான். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

இந்த வருடம் திருட்டுத்தனமாக இருந்தேன். காலையில் ஒரு தம்ளர் பால், மத்தியானம் இரண்டு வாழைப்பழம், சாயங்காலம் ஊறவைத்த பாசிப்பருப்பு ஒரு பிடி. உப்பு என்பதை நாக்கில் வைக்கவில்லை. வயிறு காந்தும்போதெல்லாம் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். முதல் நாள் கட்டுகிற காப்புக் கயிற்றை மணிக்கட்டில் கட்டினால் வீடியோ காலில் மீனா கண்ணில் பட்டுவிடும் என்று, முழங்கைக்கு மேலே ஏற்றி ரவிக்கைக் கைக்குள் கட்டிக்கொண்டேன். “சாப்பிட்டாச்சாம்மா?” என்று அவள் தினமும் கேட்பாள். “ஆச்சுட்டி, கத்தரிக்காய்க் கொழம்பு” என்பேன். ஒரு நாள் வெண்டைக்காய் என்றேன். பொய்யிலும் ஒரு மாற்றம் வேண்டாமா?

மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

விரதம் முடிந்த மறுநாள் காலை எனக்கு நினைவில் இல்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். மீனாவுக்கு நானே போன் போட்டு, “அப்பா ஆபீஸ் போயாச்சா?” என்று கேட்டிருக்கிறேன். அவள் பதறியடித்துக்கொண்டு காரில் வந்து சேர்ந்தபோது நான் அடுக்களையில் தரையில் உட்கார்ந்து, சாவிக்கொத்தைப் பால்சட்டிக்குள் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேனாம். அடுப்பு எரியவில்லை. கேஸ் மட்டும் திறந்து கிடந்தது. ஜன்னல் திறந்திருந்ததால் பிழைத்தேன்.

திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நமது ரத்தத்தில் உப்புச்சத்து இருக்கிறது, சோடியம் என்கிறார்கள். அது 135க்குக் குறையக்கூடாதாம். எனக்கு 112 இருந்தது. அவ்வளவு குறைந்தால் மூளையில் நீர் கோத்துக்கொண்டு ஆள் உளறும், வலிப்புகூட வரும். சரி, உப்பைக் கரைத்து ஒரேயடியாக ஏற்றிவிடலாமே என்றால் அதுவும் கூடாது. வேகமாக ஏற்றினால் மூளை நரம்பு கெட்டுக் கைகால் விளங்காமல் போய்விடுமாம். சொட்டுச் சொட்டாக ஏற்றி, மணிக்கணக்குப் பார்த்து ரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். குடிக்கிற தண்ணீரையும் குறைத்துவிட்டார்கள், நாள் முழுக்க ஒரு லிட்டர்தான்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் எனக்கு நினைவு தெளிந்தது. தெளிந்ததும் முதலில் பார்த்தது என் கையை. இரண்டு கையையும் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். ஊசியை இரண்டு தடவை பிடுங்கி எறிந்தேனாம். ஐ.சி.யூவில் ஜன்னல் கிடையாது, எந்நேரமும் ஒரே வெளிச்சம். பகலா இரவா என்று நல்ல புத்தி உள்ளவருக்கே தெரியாது. அங்கே வந்து என்னிடம், “ஆச்சி, இப்ப என்ன நேரம் சொல்லுங்க” என்று ஒரு நர்ஸ் பிள்ளை பரீட்சை வைக்கிறது. “கடியாரம் ஒன் கையிலதானே இருக்கு, என்கிட்ட கேக்க” என்றேன். அதையும் என் கணக்கில் எழுதிக்கொண்டது.

செந்தில் உள்ளே வந்தான். அவனைப் பார்த்ததும் அழுகை வந்தது. “ஏலே, கையை அவுத்துவிடச் சொல்லு. எனக்குத் தெளிஞ்சிட்டு” என்றேன்.

“சரிம்மா.”

“ஒன் லீவு எத்தன நாளு? ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லலியே?”

“சரிம்மா, பேசாமப் படு” என்றான்.

நான் கேட்டதற்கும் அவன் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. அன்றிலிருந்து எது சொன்னாலும் ‘சரிம்மா’தான். தண்ணீர் கேட்டாலும் சரிம்மா. வீட்டுத் தண்ணீர் வரியைக் கட்டச் சொன்னாலும் சரிம்மா. தலையில் எடுத்த ஸ்கேனில் மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, இந்த வயதில் அது சகஜம் என்று டாக்டர் சொன்னாராம். பின்பாதி இவர்கள் காதில் விழவே இல்லை. கேஸ் திறந்து கிடந்தது, மூளை சுருங்கிவிட்டது. இந்த இரண்டு போதுமே ஒரு மனுஷியை முடித்துக்கட்ட.

நாலாம் நாள் அறைக்கு மாற்றினார்கள். பகலில் பார்த்துக்கொள்ள வேலம்மாள் என்று ஒரு அம்மாளை அமர்த்தினார்கள். களக்காட்டுக்காரி, ஐம்பது வயது இருக்கும். பிள்ளைகள் என்னை நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மீனா பள்ளிக்கூடம் விட்டு தினமும் தூத்துக்குடியிலிருந்து வந்து, சிக்கு விழுந்த தலையை ஒவ்வொரு இழையாகப் பிரித்துப் பின்னிவிட்டுப் போவாள். செந்தில் என் பல் செட்டைக் குழாயடியில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கொடுப்பான். முகம் சுளிக்கமாட்டான். ஆறடி ஆள், துணைக்கு இருப்பவர் படுக்கிற அந்தக் குட்டிக் கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு கிடந்தான். இவ்வளவு பிரியமாக நம்மை ஒருவர் பிடித்து வைத்துக்கொண்டால் எப்படித் திமிறுவது சொல்லுங்கள்.

அன்று சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்து அக்காளும் தம்பியும் பேசினார்கள்.

“கோயம்புத்தூர்ல ஒரு எடம் இருக்குக்கா. இந்த மாதிரி மறதி உள்ளவங்களுக்குன்னே வச்சிருக்காங்க. எந்நேரமும் நர்ஸ் உண்டு. போட்டோ பாரேன்.”

“வெளிய போக முடியாதுல்லா?”

“வெளிக் கதவு பூட்டித்தான் இருக்கும். அதான நல்லது? வீட்டை வாடகைக்கு விட்டுட்டா, மாசச் செலவுக்குப் பாதி ஆயிரும்.”

மீனா போனைத் திருப்பிக் கொடுத்தாள். “நான் வச்சுக்கிடலாம்தான். அவங்க அம்மாவே கிடையில கெடக்காங்க. ரெண்டு பேரையும் எப்படி…” என்றாள். அவள் மாமியாரைச் சொன்னாள்.

“ஒன்னைக் கொற சொல்லலக்கா. என் வீட்ல நாங்க ரெண்டு பேரும் காலைல எட்டு மணிக்குப் போனா ராத்திரிதான் வாரோம்.”

எழுந்து உட்கார்ந்து, ‘எனக்கு ஒரு நோயும் இல்லை, நான் விரதம் இருந்தேன், அதனால் வந்த வினை’ என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கண்ணைத் திறக்கவே இல்லை. விரதம் இருந்தால் தனியாக விடமாட்டோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அவர்களிடம் சத்தியம் செய்துவிட்டு ஆறு நாள் பொய் சொன்னவளை எவன் வீட்டுக்கு அனுப்புவான்? வாயைத் திறந்தால் ஏமாற்றுக்காரி, மூடியிருந்தால் கோட்டிக்காரி. இரண்டு வழியிலும் என் வீட்டுக் கதவு எனக்குத் திறக்காது. கட்டிலின் இரண்டு பக்கக் கம்பியும் தூக்கி மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

ஐந்தாம் நாள் செந்தில் ஒரு பாங்க் பாரத்தோடு வந்தான். என் கணக்கில் அவன் பேரையும் சேர்க்க வேண்டுமாம். “கை நடுங்குதுல்லா, ரேகை வச்சாப் போதும்மா” என்று மைப்பெட்டியைத் திறந்தான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை.

“லே, நான் கையெழுத்துப் போடத் தெரிஞ்சவ. முப்பத்தொரு வருசம் ஊராரு ரேகைய வாங்குனவ. எடுத்துட்டுப் போ அதை” என்று கத்தினேன்.

“சரிம்மா” என்று மூடி வைத்துவிட்டான். அவன் முகத்தில் கோபமே இல்லை. நோயாளி கத்தினால் யார் கோபப்படுவார்கள்?

எங்கள் அலுவலகத்துக்கு வீட்டை எழுதிக் கொடுக்க வயதானவர்கள் வருவார்கள். “சுயநினைவோட, யாரு கட்டாயமும் இல்லாம எழுதிக் குடுக்கீங்களா?” என்று கேட்க வேண்டும். கேட்போம். இரண்டு பக்கமும் பிள்ளைகள் நிற்பார்கள். பெரியவர் தலையாட்டுவார். நான் மைப்பெட்டியை நகர்த்துவேன். இன்னொரு முறை யாரிடமும் கேட்டதில்லை, வெளியே கூட்டம் நிற்குமே. அவர்களில் எத்தனை பேர் பேசிப் பேசி ஓய்ந்து தலையாட்டினார்களோ. அதை நினைத்து எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆறாம் நாளிலிருந்து மீனா லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே வந்துவிட்டாள். அன்று வேலம்மாள் உடம்பு துடைக்கும்போது என் மேல்கையில் இருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். நர்ஸ்களும் அதைப் பார்த்திருப்பார்கள். நம் ஊரில் யார் உடம்பில்தான் கயிறு இல்லை? ஏதோ திருஷ்டிக் கயிறு என்று விட்டிருப்பார்கள். இவள் அதில் முடிந்திருந்த மஞ்சள் துண்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஆச்சி, இது காப்புல்லா. சஷ்டிக்கு இருந்தியளா?”

நான் கதவைப் பார்த்தேன்.

“உப்பில்லாமயா?”

“பைய பேசு” என்றேன்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “எனக்கு என்னத்துக்கு ஊர் வம்பு, நான் சொல்லமாட்டேன்” என்றாள். கொஞ்ச நேரம் துடைத்துவிட்டு அவளே மறுபடியும் ஆரம்பித்தாள். “ஆனா ஆச்சி, ஒங்க மக இப்ப பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதுக்கிட்டு இருக்கு. அன்னைக்கி நீங்க தூங்கும்போது டாக்டர் அதுகிட்ட சொல்லிட்டாரு. நுரையீரல்ல கட்டி கிட்டி இருந்தாலும் இப்படி உப்பு எறங்குமாம். நாளைக்கி அதுக்குத்தான் ஸ்கேன் எடுக்கப் போறாங்களாம்.”

நாலு வருடமாகச் சாப்பிடுகிற மாத்திரை, அது மட்டும் திடீரென்று இவ்வளவு இறக்காதே, வேறு காரணம் இருக்க வேண்டும் என்று அந்த டாக்டர் தேடிக்கொண்டே இருந்தார். தைராய்டு பார்த்தார், சிறுநீரகம் பார்த்தார், ஒவ்வொன்றுக்கும் பில் ஏறியது. சாப்பாடெல்லாம் ஒழுங்கா என்று முதல் நாளே கேட்டதற்கு, “எங்கம்மா நேரத்துக்குச் சாப்பிட்ருவாங்க டாக்டர்” என்று மீனாதான் பதில் சொன்னாள். கத்தரிக்காய்க் குழம்பை அவள் அப்படி நம்பியிருக்கிறாள். பாத்ரூம் கதவுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் நிற்கவே இல்லை. வெளியே வந்தபோது முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சவம், வீடு போனால் போகிறது என்று அப்போது தோன்றியது. அன்று முழுக்கத் தைரியத்தைத் திரட்டினேன்.

ஏழாம் நாள் காலை டாக்டர் வந்ததும், “டாக்டர், அந்த ஸ்கேன் வேண்டாம்” என்றேன்.

“சரிம்மா” என்றான் செந்தில்.

“லே, நீ சும்மா இரி” என்று அதட்டினேன். வாயால் சொன்னால் உளறல் என்பார்கள். அதனால் ஆஸ்பத்திரிச் சட்டைக் கையை மேலே ஏற்றிக் கயிற்றை டாக்டர் கண்முன் நீட்டினேன். “சஷ்டிக் காப்பு. ஆறு நாள் உப்பே தொடல. ஒரு கொடம் தண்ணி குடிச்சேன். மாத்திரையும் போட்டேன். யாருக்கும் சொல்லல” என்றேன். ஒவ்வொரு வேளையும் என்ன சாப்பிட்டேன் என்று ஒப்பித்தேன்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செந்தில் வயதுதான் அவருக்கும் இருக்கும். “இதை மொதல் நாளே சொல்லியிருந்தா பாதி டெஸ்ட் எடுத்திருக்கவே மாட்டேனேம்மா” என்றார். அந்த மாத்திரையில் நீர் பிரிய வைக்கிற மருந்து ஒன்று சேர்ந்திருக்கிறது. அது சிறுநீரோடு உப்பையும் வெளியே தள்ளும். போகிற உப்பை நாம் சாப்பாட்டில் ஈடுகட்டிக்கொண்டிருப்போம். நான் உப்பையும் நிறுத்தி, வெறும் தண்ணீராகக் குடித்து, இருந்ததையும் நீர்க்கவைத்துவிட்டேன். விரதம் இருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். டாக்டரிடம் சொல்லாமல் இருக்காதீர்கள்.

பிறகு டாக்டர் என்னைச் சோதித்தார். தேதி, கிழமை, எந்த மாடி என்று எல்லாம் சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அறுபத்தைந்தில் போதும் என்றார். நான் நிறுத்தவில்லை, இரண்டு வரைக்கும் போய்த்தான் நின்றேன். “ஒங்க அம்மாவுக்கு மறதி நோயெல்லாம் இல்ல சார்” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். மீனா சுவரில் சாய்ந்து நின்றாள். செந்தில்தான் பேசினான்.

“ஒனக்கு ஞாபகம் போயிட்டுன்னு நெனச்சேம்மா. அது நோயி, பாத்துக்கிடலாம். நீ நல்ல நெனவோடதான் எங்களை ஏமாத்திருக்க. இனி நீ போன்ல நல்லா இருக்கேன்னு சொன்னா, நான் எதை நம்பி போனை வைக்க?”

சட்டைக் கையை இறக்கிக் கயிற்றை மூடிக்கொண்டேன்.

“அப்படி என்னத்தம்மா வேண்டிக்கிட்ட?” என்று மீனா கேட்டாள். சொல்ல விருப்பமில்லை. விடவில்லை அவள்.

“கிடையில விழுந்து ஒங்களுக்குப் பாரமாயிரக் கூடாதுன்னுதான்ட்டி.”

மீனா என்னைப் பார்த்தாள். கட்டில் கம்பியைப் பார்த்தாள். தொங்குகிற பாட்டிலைப் பார்த்தாள். களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. “நல்லா குடுத்தாரும்மா முருகரு” என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே என் காலடியில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். வேலம்மாள் வெளியே போய்விட்டாள்.

மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பென்ஷன்காரர்களுக்கான காப்பீட்டில் ஒரு பகுதி வந்தது. மீதியைச் செந்தில் கட்டினான். எவ்வளவு என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள் என்றேன். பார்க்கலாம் என்றான். மீனா துணிமணிகளைப் பையில் வைத்துக் கீழே கொண்டுபோனாள். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எட்டு நாள் தாடி. பாதிக்கு மேல் நரைத்திருக்கிறது என்பதை அன்றுதான் கவனித்தேன்.

“நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத” என்றான். “கோயம்புத்தூர்ல ஒரு எடம் பாத்து வச்சிருந்தேன், அதை விட்ரு. பெங்களூருக்கு வா. பகல்ல ஆளு போடுதேன். இது ஒனக்காகச் சொல்லலம்மா. எனக்காகத்தான். ஒன்னை அங்கன தனியா விட்டுட்டு எனக்குத் தூக்கம் வராது. கண்ண மூடினா அந்த கேஸ்தான் வருது.”

அவன் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. கட்டாயப்படுத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

“சொல்லும்மா, எங்க போலாம்?”

எட்டு நாளில் அன்றுதான் ஒரு கேள்வி கேட்டுவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தான். மாத்திரையை மாற்றிவிட்டார்கள், கேஸ் வேண்டாம், கரண்ட் அடுப்பு வாங்கி வை, பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்துவிடு, விரதத்தை விட்டுவிட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அதில் ஒன்றுகூட அவனுக்குத் தூக்கத்தைக் கொடுக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

“நம்ம வீட்டுக்குப் போலாம்லே.”

அவன் எழுந்து, என்னைக் கைத்தாங்கலாக இறக்கிச் செருப்பை மாட்டிவிட்டான்.

வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. உப்புப் போட்டுச் சாப்பிடுகிறேன். அவன் காலை ஐந்தரைக்குப் போன் செய்கிறான், ஒரு நாளும் தவறுவதில்லை. “எந்திச்சிட்டியாம்மா?” என்பான். எழுந்துவிட்டேன் என்பேன். அவன் குரலில் தூக்கக் கலக்கம் ஒரு நாளும் இருந்ததில்லை.